கரிசல் அடுப்பும் பேட்டைச் சரக்கும்

விருதுநகர்ப் பக்கம் சாப்பிட என்ன விசேஷம் என்று வெளியூர்க்காரர் கேட்டால் பதில் உடனே வந்துவிடும். விருதுநகரில் எண்ணெய்ப் பரோட்டா, சாத்தூரில் காரச்சேவு, திருவில்லிபுத்தூரில் பால்கோவா. மூன்றும் கடையில் வாங்குபவை. வட்டாரத்துப் பெண்கள் யாரும் அன்றாடம் வீட்டில் செய்வதில்லை. அப்படியானால் வீட்டு அடுப்பில் என்ன வெந்தது? அதில் இந்த மண்ணுக்கே உரியது எது, வெளியிலிருந்து வந்தது எது, வந்தவற்றில் எது ஒட்டிக்கொண்டது? இந்தக் கேள்விகளை வரிசையாகக் கேட்டுப் பார்த்தவர்கள் குறைவு. செட்டிநாட்டுச் சமையலுக்கும் கொங்குச் சமையலுக்கும் புத்தகங்கள் அடுக்கடுக்காக வந்திருக்கின்றன. கரிசல் சமையல் பெரும்பாலும் கதைகளுக்குள்ளும் கிழவிகளின் நினைவிலும்தான் இருக்கிறது.

மண்ணிலிருந்து தொடங்குவதே முறை. மாவட்டத்தின் மேற்கு விளிம்பில் ராஜபாளையம், திருவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு ஆகிய ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடியில் கண்மாய்ப் பாசனத்தோடும் மாந்தோப்புகளோடும் இருக்கின்றன. அங்கிருந்து கிழக்கே வரவரப் பச்சை குறையும். சிவகாசி, சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டை எல்லாம் கரிசல். வடகிழக்குப் பருவமழை பெய்தால் விதைப்பு, பெய்யாவிட்டால் தரிசு. வைப்பாறும் அர்ச்சுனா நதியும் ஆண்டில் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும். அந்த மணலும் வீண்போனதில்லை. சாத்தூர் வெள்ளரிக்காய் ரயில் பயணிகளிடையே பெயர் வாங்கியது.

இந்த நிலத்தின் பழைய உணவு கம்பும் சோளமும் குதிரைவாலியும் வரகும். நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் விருந்தாளிக்கும் ஆனது. கம்பு சோறாவதற்குள் ஒரு பெண்ணின் பாதி நாள் போய்விடும். தண்ணீர் தெளித்துப் பிசிறி உரலில் இடிக்க வேண்டும். புடைத்து உமி போக்க வேண்டும். மறுபடி இடித்துக் குருணையும் மாவுமாக ஆக்கி, கொதிக்கும் உலையில் போட்டு, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். சூட்டோடு ஒருவேளை. மீந்ததை உருண்டை பிடித்துத் தண்ணீரில் போட்டுவைத்தால் மறுநாள் மோர் விட்டுக் கரைத்த கம்மங்கஞ்சி. இதற்கு வெஞ்சனம், அதாவது தொட்டுக்கொள்ள, சின்ன வெங்காயம், மோர் மிளகாய், கானத் (கொள்ளு) துவையல், சுட்ட கருவாடு. வேலைக்காட்டுக்குத் தூக்குச் சட்டியில் போனது இதுதான்.

கரிசல் காய்களில் ஒன்றைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். அதலைக்காய். பாகற்காயின் உறவு, விரல் நுனி அளவுதான் இருக்கும், கசக்கும். இதை யாரும் விதைப்பதில்லை. கிழங்கு கரிசலுக்குள்ளே கோடை முழுக்க உறங்கிக் கிடந்து, ஐப்பசி மழை விழுந்ததும் கொடி விட்டுப் படர்கிறது. புஞ்சையில் களையெடுக்கப் போகும் பெண்கள் மடி நிறையப் பறித்து வருவார்கள். பறித்த காயை நாள் கடத்த முடியாது, வெடித்துவிடும். அதனால் அது தொலைதூரச் சந்தைக்குப் போகவில்லை. சென்னைக்காரர் பலருக்குப் பெயர்கூடத் தெரியாது. காம்பைக் கிள்ளி, நல்லெண்ணெயில் சின்ன வெங்காயமும் வத்தலும் போட்டு வதக்கி, கொஞ்சம் புளியும் ஒரு சில்லுக் கருப்பட்டியும் சேர்த்தால் கசப்பு அடங்காமல் ஆனால் அளவாக நிற்கும். மழைக்காலத்தில் விருதுநகர், அருப்புக்கோட்டைக் காய்கறிச் சந்தைகளில் இன்றும் படி கணக்கில் விற்கிறார்கள். ஒரு வட்டாரத்தின் ருசி என்று எதையாவது சுட்டிக்காட்டச் சொன்னால் நான் இதைத்தான் காட்டுவேன். பரோட்டாவை மதுரையிலும் தின்னலாம்.

அதலைக்காய்க்கு அடுத்தபடி மிதுக்கங்காய், சுக்கங்காய், பண்ணைக்கீரை, தொய்யக்கீரை. மிதுக்கங்காயைக் கீறி மோரில் ஊறவைத்துக் காயப்போட்டு வத்தலாக்குவார்கள். சீனியவரைக்காய், சுண்டைக்காய், கத்தரி, மாங்காய் என்று வெயில் பட்டால் கெடாத எல்லாமே இங்கே வத்தலாகும். ஆட்டுக்கறி மீந்தால் உப்பும் மஞ்சளும் புரட்டிக் கயிற்றில் கோத்துக் காயவைத்த உப்புக்கண்டம். கடல் எட்டிப் பார்க்காத இந்த நாட்டுக்குத் தூத்துக்குடிக் கடல் கருவாடாகவே வந்து சேர்ந்தது. வாரச்சந்தையில் நெத்திலியும் சாளையும் சீலாத் துண்டும் குவிந்திருக்கும் இடத்தை மூக்கே காட்டிக்கொடுக்கும்.

காயவைத்தல் என்பது இங்கே சமையல் முறைகளில் ஒன்று என்பதைவிட, சமையலின் அடிப்படை என்பதே பொருத்தம். இந்தச் சமையலை ஆராய்பவர்கள் பட்டாசையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று நான் நினைப்பது இதனால்தான். 1922இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுத் திரும்பினார்கள். அடுத்த ஆண்டே தொழில் தொடங்கியது. பின்னர் பட்டாசும் அச்சும் சேர்ந்தன. மழை குறைந்த, காற்றில் ஈரம் குறைந்த இந்த வெயில்தான் தீக்குச்சியையும் பட்டாசுக் குழாயையும் காயவைத்தது. அதே வெயில்தான் களத்தில் வத்தலையும் மொட்டைமாடியில் கூழ் வடகத்தையும் காயவைத்தது. விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வறட்சி தொழிலுக்கும் சமையலறைக்கும் ஒருசேர முதலாக அமைந்தது.

இனி, வந்தவர்களும் வந்தவையும்.

கரிசல் என்றதும் நினைவுக்கு வரும் மிளகாய் வத்தலே வந்த பொருள்தான். அமெரிக்கக் கண்டத்துச் செடி. போர்த்துக்கீசியர் வழியாக 16ஆம் நூற்றாண்டில் இந்தியக் கரையில் இறங்கியது. அதற்கு முன் காரம் மிளகிலிருந்துதான். இன்று ராமநாதபுரத்துக்குக் குண்டான முண்டு வத்தல், விருதுநகர், சாத்தூர், அருப்புக்கோட்டைப் பக்கத்துக்கு நீண்டு மெலிந்த சம்பா வத்தல். புரட்டாசி, ஐப்பசியில் விதைத்துத் தை தொடங்கிப் பழம் பறித்துக் களத்தில் பரப்பினால் கோடை முழுக்க ஊர் சிவந்து கிடக்கும். நிலக்கடலையும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் சென்னை மாகாணத்தில் வேகமாகப் பரவியது. பக்கத்துக் கோவில்பட்டிக் கடலை மிட்டாய் 2020இல் புவிசார் குறியீடு பெற்றது. அதில் கடலை தென்னமெரிக்காவுடையது. வெல்லப் பாகின் பக்குவம் நம்முடையது. தக்காளியைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. புளிதான் இங்கே இன்னும் மூத்தது.

மக்களும் வந்தார்கள். விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு நாட்டிலிருந்து கம்மவாரும் ரெட்டியாரும் கம்பளத்தாரும் கரிசலில் குடியேறினார்கள். ராஜபாளையம் ராஜுக்களின் ஊர். சென்னை மாகாண முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த பூ.ச. குமாரசாமி ராஜா அந்த ஊர்க்காரர். அருப்புக்கோட்டையில் கன்னடம் பேசும் தேவாங்கர்கள் தறி போட்டார்கள். இந்த வீடுகளில் பருப்புப்பொடியும் நெய்யும் போட்டுப் பிசைந்த முதல் கவளம், புளிச்சகீரைக் கடைசல், ஆவக்காய் ஊறுகாய் போன்றவை மரபாக உண்டு. குடியேற்றக் கதையைக் கி. ராஜநாராயணன் ‘கோபல்ல கிராமம்’ நாவலில் எழுதினார். அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்கு 1991இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அவர் தொகுத்த கரிசல் வட்டார வழக்கு அகராதியைப் புரட்டினால், கஞ்சிக்கும் வெஞ்சனத்துக்கும் எத்தனை பெயர்கள் வைத்திருந்தோம் என்று திகைப்பாக இருக்கும். பூமணி, எஸ். ராமகிருஷ்ணன், மேலாண்மை பொன்னுச்சாமி என்று இந்த வட்டாரத்து எழுத்தாளர்கள் உணவைப் பற்றி எழுதியதை எல்லாம் ஒன்றுசேர்த்தாலே ஒரு நல்ல ஆவணம் தேறும். சமையல் புத்தகக்காரர்கள் செய்யாததைப் புனைகதைக்காரர்கள் செய்திருக்கிறார்கள்.

இதற்கெல்லாம் மேலாக, வட்டாரத்தின் உணவை வடிவமைத்தது பேட்டை. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் வெளியிட்ட நாடார்கள் பற்றிய ஆய்வில், விருதுபட்டி, சிவகாசி, சாத்தூர், அருப்புக்கோட்டை, பாளையம்பட்டி, திருமங்கலம் ஆகிய ஊர்களில் நாடார் வணிகர்கள் நிலைபெற்ற வரலாற்றைச் சொல்கிறார். கருப்பட்டி, உப்பு, கருவாடு ஆகியவற்றை மாட்டின் மேலும் வண்டியிலும் ஏற்றிக் கொண்டுவந்தவர்கள், வழியில் சரக்கையும் மாட்டையும் பாதுகாக்கப் பேட்டை கட்டினார்கள். பேட்டையில் இறங்கும் ஒவ்வொரு சரக்குக்கும் மகமை என்ற பங்கைப் பிடித்து, அதை உறவின்முறை என்ற தங்கள் சமூக அமைப்பின் பொதுப்பணமாக்கினார்கள். 1923இல் விருதுபட்டி விருதுநகர் ஆனபோது அது மிளகாய், மல்லி, பருப்பு, எண்ணெய், ஏலக்காய் ஆகியவற்றின் பெருஞ்சந்தையாக இருந்தது. ஊரில் ஒன்றும் விளையாது, ஆனால் எல்லாவற்றுக்கும் ஊர்தான் விலை சொல்லும் என்று விருதுநகரைப் பற்றிச் சொல்வதுண்டு. விருதுநகர்ச் சந்தை நிலவரம் இன்றும் நாளிதழ்களில் வருகிறது.

பேட்டையின் பணம் எப்படிச் சாப்பாட்டோடு பிணைந்திருந்தது என்பதற்கு ஒரு சான்று போதும். விருதுநகர் சத்திரிய வித்யாசாலை 1889இல் தொடங்கியது. அந்தப் பள்ளியை நடத்த வீட்டுக்கு வீடு தினமும் ஒரு பிடி அரிசி எடுத்துவைத்தார்கள். சமைக்கும் பெண் உலையில் போடும் முன் ஒரு கை அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவாள். அந்த அரிசியில்தான் பள்ளிப் பிள்ளைகளின் படிப்பு நடந்தது. அங்கே படித்த பிள்ளைகளில் ஒருவர் 1903இல் பிறந்த காமராஜர். 1956இல் முதலமைச்சராக அவர் பள்ளிப் பிள்ளைகளுக்கு மதிய உணவுத் திட்டத்தை எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தபோது, அதன் பின்னால் இந்தப் பிடி அரிசி இருந்தது என்று நான் நம்புகிறேன்.

வணிகர்களின் சமையல் எப்படி இருக்கும்? கெடாத சரக்கு வீட்டில் எப்போதும் இருக்கும். எண்ணெய்க்குக் கணக்குப் பார்க்க மாட்டார்கள். எள்ளைச் செக்கில் ஆட்டும்போது கருப்பட்டி சேர்த்து ஆட்டிய நல்லெண்ணெய்தான் தாளிக்க, பொரிக்க, இட்லிப்பொடிக்கு ஊற்ற, சனிக்கிழமை தலைக்குத் தேய்க்க. இதயம் நல்லெண்ணெய் விருதுநகரிலிருந்து நாடு முழுக்கப் போனது இந்தப் பின்புலத்தில்தான். சுக்குக் கருப்பட்டிக் காப்பி வீட்டு மருந்தும் விருந்தும். கரிசலின் பருத்தியும் அடுப்பில் ஏறியது. பருத்திக் கொட்டையை இரவு ஊறவைத்து, ஆட்டி, பாலைப் பிழிந்து, ஊறிய அரிசியை அரைத்து ஊற்றிக் கொதிக்கவைத்து, கருப்பட்டி, சுக்கு, ஏலம், தேங்காய்ப்பூ சேர்த்தால் பருத்திப்பால். நூலுக்குப் பஞ்சு, மாட்டுக்குப் பிண்ணாக்கு, மனிதருக்குப் பால் என்று ஒரு பயிரை முழுதாகப் பயன்படுத்திய கெட்டிக்காரத்தனம் அதில் இருக்கிறது. கருங்கண்ணிப் பருத்தி குறைந்த பிறகும் தள்ளுவண்டிகளில் பருத்திப்பால் நின்றுவிடவில்லை.

சாதியை ஒதுக்கிவிட்டு இந்த வரலாற்றை எழுத முடியாது. 1899இல் சிவகாசியில் நடந்த கலவரத்துக்குக் கோயில் நுழைவுச் சச்சரவு ஒரு காரணம். கோயில் வாசலே மறுக்கப்பட்ட மக்களுக்குக் கோயில் மடைப்பள்ளியின் ருசி எங்கிருந்து வரும்? தஞ்சாவூரிலும் ஸ்ரீரங்கத்திலும் பிரசாத மரபு வீட்டுச் சமையலுக்குள் ஊறியதைப் போல இங்கே ஊறவில்லை என்பதற்கு இதுவும் காரணமாக இருக்கலாம் என்பது என் கருத்து. மாரியம்மன் கோயில்கள் வேறு. விருதுநகர் பராசக்தி மாரியம்மன் பங்குனிப் பொங்கலிலும், அர்ச்சுனா நதியும் வைப்பாறும் கூடும் இருக்கன்குடியில் ஆடிக் கடைசி வெள்ளியிலும், மக்களே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்து, கிடாய் வெட்டி, சொந்தபந்தத்துக்குக் கறிச்சோறு போடுகிறார்கள். மறுபுறம், தலித் வீடுகளின் மாட்டுக்கறி உப்புக்கண்டம் இதுவரை எந்த “கரிசல் உணவு” பட்டியலிலும் மரியாதையாக இடம்பெற்றதில்லை. தென்மாவட்டக் கிராமத் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததை மறைத்துவிட்டு வெளியுணவின் வரலாற்றைச் சொல்லவும் முடியாது. காசு கொடுத்தால் யாரும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்ற நகரத்துக் கடை பலருக்கு விடுதலையாக இருந்திருக்கும்.

அந்தக் கடைகளில் முதலில் வருவது பரோட்டாக் கடை. விருதுநகர்ப் பரோட்டா மற்ற ஊர்ப் பரோட்டா மாதிரி இல்லை. உள்ளங்கை அளவு, விளிம்பு உயர்ந்த கல்லில் எண்ணெய் தேங்கி நிற்க, அதில் கிடந்து பொன்னிறமாக முறுகும். இலையில் போட்டு நொறுக்கிச் சால்னா ஊற்றினால் பாதி ஊறும், பாதி மொறுமொறுக்கும். விருதுநகரின் பெயர்பெற்ற கடைகளில் ஒன்று பர்மா கடை. பெயர் தற்செயலானதில்லை. தென்மாவட்டத்தாரின் வணிகமும் கூலியும் தூத்துக்குடி வழியாகக் கொழும்புக்கும், நாகப்பட்டினம், சென்னை வழியாக ரங்கூனுக்கும் நீண்டிருந்தன. 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் இரண்டு காரியம் ஒரே சமயத்தில் நடந்தது: பர்மா அரிசி வருவது நின்றது, பர்மாத் தமிழர் கால்நடையாகவும் கப்பலிலும் திரும்பி வந்தார்கள். 1960களில் நே வின் ஆட்சி கடைகளை அரசுடைமையாக்கியதும் இன்னொரு அலை வந்தது. அரிசிக்குப் பங்கீட்டு அட்டை. கோதுமைக்கோ 1956 முதல் அமெரிக்காவோடு போட்ட பி.எல். 480 ஒப்பந்தங்கள். மைதா மலிந்தது. கையில் வேறு தொழில் இல்லாமல் வந்தவனுக்கு ஒரு கல்லும் ஒரு மூட்டை மைதாவும் போதும். பரோட்டாவின் பிறப்பிடம் இலங்கையா தூத்துக்குடியா என்ற வழக்கு தீரப்போவதில்லை. போரும் பஞ்சமும் அகதி வாழ்வும் சேர்ந்துதான் அதைத் தென்தமிழ்நாட்டின் இரவுச் சாப்பாடாக்கின என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இனிப்புப் பக்கம் இன்னும் நீண்ட பயணம் தெரிகிறது. திருவிழாக் கடைகளில் சீரணி மிட்டாய் என்றும் ஏணி மிட்டாய் என்றும் கருப்பட்டி மிட்டாய் என்றும் விற்கும் பண்டத்தைப் பாருங்கள். அரிசியும் உளுந்தும் ஊறவைத்து அரைத்த மாவைத் துளையிட்ட துணியில் கட்டிக் காய்ந்த எண்ணெயில் பிழிந்து, வெந்ததும் கருப்பட்டிப் பாகில் முக்கி எடுக்கிறார்கள். இது ஜிலேபியின் தங்கை. ஜிலேபியின் வேர் அரபு நாட்டு சலாபியாவில் இருக்கிறது. துனிசியாவின் கடற்கரை ஊர்களில் இன்றும் ரமலான் மாதத்தில் அதே சுருளைத் தேன்பாகில் முக்கி விற்கிறார்கள். கரிசலுக்கு வந்துசேர்ந்தபோது மைதா இருந்த இடத்தில் அரிசியும் உளுந்தும், சர்க்கரை இருந்த இடத்தில் பனங்கருப்பட்டியும் வந்துவிட்டன. தூத்துக்குடி மக்ரூன் கதையும் இதுவே: ஐரோப்பாவில் பாதாம், இங்கே முந்திரி.

மத்தியதரைக் கடல் தீவுகளின் சமையலை ஆராய்கிறவர்கள் இந்த மாற்றத்தைத்தான் கூர்ந்து பார்க்கிறார்கள். சிசிலித் தீவில் 9ஆம் நூற்றாண்டில் இறங்கிய அரேபியர்கள் கரும்பையும் எலுமிச்சையையும் கத்தரியையும் கொண்டுவந்தார்கள். டிராப்பனி நகரத்தில் வட ஆப்பிரிக்கக் குஸ்குஸ் மீன் சாற்றோடு சேர்ந்து அந்த ஊர்ச் சாப்பாடாகிவிட்டது. பின்னால் ஸ்பானியர் ஆட்சியில் தக்காளி வந்தது. 1964 வரை பிரிட்டன் வசமிருந்த மால்ட்டாவின் ஃப்டீரா ரொட்டி 2020இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. ஆண்டவர்கள் எல்லாம் போய்விட்டார்கள்; எலுமிச்சை மரம் நின்றுவிட்டது. கரிசல் தீவு இல்லை, கடலும் இல்லை. ஆனால் பேட்டையும் ரயிலும் இங்கே துறைமுகத்தின் வேலையைச் செய்தன. 1870களில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் ரயில் பாதை போடப்பட்டதும் விருதுபட்டியும் சாத்தூரும் அந்தப் பாதையில் அமைந்தன. வந்ததை எல்லாம் இந்த நாடு வாங்கிக்கொண்டது. வாங்கியதை எல்லாம் ஒரே மாதிரி ஏற்றுக்கொண்டதா என்பதுதான் கேள்வி.

என் அளவுகோல் இது. வந்த பொருள் இந்த மண்ணில் முளைத்ததா, இந்த வீட்டில் வெந்ததா? மிளகாய் முளைத்தது. கடலை முளைத்தது. சீரணியில் இங்கு விளைந்த உளுந்தும் இங்குள்ள பனையின் கருப்பட்டியும் நுழைந்தன. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் இந்தத் தேர்வில் தேறும். வடக்கிலிருந்து வந்த ஒரு குடும்பம்தான் இதைத் தொடங்கியது என்று ஊரில் சொல்வார்கள். பாலைக் குறுக்கிக் கோவா ஆக்குவது வடநாட்டுக் கைவேலை என்பதால் அது நம்பக்கூடியதே. ஆனால் பால் மலையடிவாரத்து மாடுகளுடையது. விறகடுப்பில் அகன்ற சட்டியில் விடாமல் கிண்டும் கை இந்த ஊருடையது. கூட்டுறவுச் சங்கமும் தெருக்கடைகளும் சேர்ந்து அதைப் பல குடும்பங்களின் பிழைப்பாக்கின. ஆண்டாள் அழகருக்கு நூறு பானை அக்காரவடிசில் நேர்ந்துகொண்டதாகவும் ராமானுசர் அதை நிறைவேற்றியதாகவும் மரபு சொல்லும் ஊரில் பாலும் இனிப்பும் கூடுவது புதிதும் இல்லை. 2019இல் திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. சைப்ரஸ் தீவின் ஹலூமி பாலாடைக்கட்டிக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2021இல் இதே போன்ற பாதுகாப்பைத் தந்தது. கிரேக்கர், துருக்கியர் என்று பிளந்து கிடக்கும் தீவில் இரு தரப்பும் தம்முடையது என்று சொல்லும் உணவு அது.

காரச்சேவு நடுவில் நிற்கிறது. கடலை மாவை எண்ணெயில் தேய்த்துப் பொரிப்பதை இந்தியாவின் மேற்கிலும் செய்கிறார்கள். சாத்தூரில் அதற்குச் சம்பா வத்தலின் காரமும் பூண்டின் வாசமும் ஏறின. கடையில்தான் வாங்குகிறோம் என்றாலும் கம்மங்கஞ்சிக்குக்கூட அது வெஞ்சனமாகிவிட்டது.

மைதா மட்டும் தேறவில்லை. கோதுமை கரிசலில் விளையாது. மைதா மூட்டை ரயிலிலும் லாரியிலும் வருகிறது, கடைக்குப் போகிறது, கடையிலேயே உணவாகிறது. விவசாயிக்கு அதில் பங்கில்லை, வீட்டுப் பெண்ணின் கைத்திறனுக்கும் இடமில்லை. பரோட்டா ருசியான உணவு. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் மிளகாய் வந்தபோது எந்தத் தானியமும் தட்டை விட்டுப் போகவில்லை. மைதாவும் பங்கீட்டுக் கடை அரிசியும் வந்தபோது கம்பும் சோளமும் போய்விட்டன. 2008இல் கிலோ ஒரு ரூபாய்க்கும் 2011இல் விலையில்லாமலும் அரிசி கிடைத்தது ஏழை வீட்டின் பசியைத் தீர்த்தது. அதில் ஐயமே இல்லை. பாதி நாள் இடித்துக் கம்பு சமைக்க யாருக்கு இனி மனம் வரும்?

அந்தப் பாதி நாள் எங்கே போனது என்பதைத் தீப்பெட்டி, பட்டாசு ஆலைகளிடம்தான் கேட்க வேண்டும். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைக் கிராமங்களில் காலையில் ஆலைப் பேருந்து வருமுன் பெண்கள் சமைத்து, பிள்ளைக்கும் தனக்கும் டப்பாவில் அடைத்து ஓட வேண்டும். மருந்து வேலை நடக்கும் அறைக்குள் சாப்பாட்டுக்கு இடமில்லை; கை கழுவிவிட்டு வெளியே மரத்தடியில் உட்கார்ந்துதான் டப்பாவைத் திறக்க முடியும். அதனால் கெடாத, கொட்டாத, சீக்கிரம் தின்னக்கூடிய சோறு: புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தக்காளிச் சோறு, மேலே கொஞ்சம் சேவு. சாயங்காலம் திரும்பும்போது உடம்பில் தெம்பு இருக்காது. தெருமுனையில் பரோட்டா வெந்துகொண்டிருக்கும். கூலி வாங்கும் நாளில் பார்சல், ஞாயிற்றுக்கிழமை கறி. வீட்டிலிருந்த ஆட்டுக்கல்லின் வேலையைக் கடை மாவுப் பாக்கெட் எடுத்துக்கொண்டது. பெண்ணின் கூலி வீட்டை நிமிர்த்தியது உண்மை. அந்தக் கூலிக்கு ஈடாகப் போனவற்றில் கம்மஞ்சோறும் ஒன்று. பரோட்டாவின் வெற்றியை நாக்கின் ருசியாக மட்டும் எழுதுகிறவர்கள் இந்தப் பெண்களின் நேரக் கணக்கைப் பார்க்கவில்லை.

இன்று சிறுதானியம் மறுபடி பேசப்படுகிறது. 2023ஐ ஐக்கிய நாடுகள் அவை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. நகரத்துக் கடைகளில் குதிரைவாலி அரிசி நெல்லரிசியைவிடக் கூடுதல் விலைக்குப் போகிறது. மெஷின் அரவை வந்துவிட்டதால் உரலுக்குத் திரும்பவும் வேண்டியதில்லை. ஆனால் அதை விளைவித்த கரிசல்காரர் வீட்டுத் தட்டுக்கு அது திரும்பியதாகத் தெரியவில்லை. நிலத்தில் இப்போது மக்காச்சோளம். அது கோழித்தீவனத்துக்குப் போகிறது.

இந்த இடத்தில் அரசு செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களில் பங்கீட்டுக் கடையில் அரிசிக்குப் பதிலாக மாதம் 2 கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு தொடங்கியது. அதே ஏற்பாட்டைக் கம்புக்கும் குதிரைவாலிக்கும் விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களில் செய்யலாம். கொள்முதல் உறுதியானால் மக்காச்சோளத்தை விட்டுக் கம்பு விதைக்க விவசாயி யோசிப்பார். 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமாவும் கிச்சடியும் பொங்கலும் தருகிறார்கள். பிடி அரிசியில் பள்ளிக்கூடம் நடத்திக் காட்டிய ஊரில், வாரத்தில் இரண்டு நாள் அது கம்பு உப்புமாவாகவும் குதிரைவாலிப் பொங்கலாகவும் இருக்கட்டும். வெஞ்சனத்துக்குக் கானத் துவையல் போதும். உரலில் இடித்துச் சமைத்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. கம்புக்கு எவ்வளவு தண்ணீர், அதலைக்காய்க்கு எவ்வளவு புளி, மிதுக்கு வத்தலுக்கு எத்தனை நாள் வெயில் என்பதை, எல்லாச் சாதித் தெருவிலும் போய், அவர்கள் சொல்லச் சொல்ல இப்போதே எழுதிக்கொள்ள வேண்டும்.